இருக்கும்போதே எழுதிவைப்பது

கடைசிப் பிள்ளையின் கல்யாணம் முடிந்த கையோடு, அல்லது அப்பா பணி ஓய்வு பெற்ற சில மாதங்களில், தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் ஒரு பேச்சு எழும். "வீட்டை யார் பேருக்கு எழுதப்போறீங்க?" கேட்பது மகனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சம்பந்தி கேட்பார், தாய்மாமன் கேட்பார், பல வீடுகளில் அம்மாவே கேட்பார். பேச்சு பெரும்பாலும் தான செட்டில்மெண்ட் பத்திரத்தில் போய் முடியும். அதில் பணம் கைமாறுவதில்லை. அன்பினாலும் பிரியத்தினாலும் கொடுப்பதாக எழுதுவார்கள். பதிவு முடிந்ததும் வீடு பிள்ளையுடையது.

ஒரு குடும்பம் எடுக்கும் பண முடிவுகளில் இதைவிடப் பெரியது அநேகமாக இல்லை. மாதம் இரண்டாயிரம் ரூபாய் எங்கே சேமிக்கலாம் என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறவர்கள்கூட, முப்பது வருட உழைப்பை ஒரே காலைப்பொழுதில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். வழக்கமே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு வலுவான நியாயங்கள் உண்டு. யாருக்கு எழுதுகிறோம், எந்த நேரத்தில், என்ன நிபந்தனையோடு என்பதைப் பார்க்காமல் எழுதுவதுதான் ஆபத்து.

நியாயங்களில் கண்ணுக்கு உடனே தெரிவது செலவு. தமிழ்நாட்டில் ஒரு வீட்டை விலைக்கு வாங்கினால் 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு இரண்டுமே ஒவ்வொரு சதவீதம்தான். அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் முத்திரைத் தீர்வை 40,000 ரூபாயையும், பதிவுக் கட்டணம் 10,000 ரூபாயையும் தாண்டாது. ஒரு கோடி ரூபாய் வீடானாலும் அரசுக்குக் கட்ட வேண்டியது ஐம்பதாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

உயில் இதைவிடவும் மலிவு. முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சிகள் போதும், பதிவுகூடக் கட்டாயமில்லை. ஆனால் உயில் பேசத் தொடங்கும் நாளில் அதை எழுதியவர் இருப்பதில்லை. "அப்பாவுக்கு அப்போ நினைவே இல்லை", "பக்கத்துல இருந்தவங்க எழுதி வாங்கிட்டாங்க" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் போதும், சிவில் கோர்ட்டில் வருடங்கள் ஓடிவிடும். செட்டில்மெண்டில் எழுதுகிறவரே சார்பதிவாளர் முன்னால் உட்கார்ந்து, போட்டோவுக்கு முகம் காட்டி, விரல்ரேகை வைக்கிறார். வில்லங்கச் சான்றில் பெயர் ஏறுகிறது, பட்டா மாறுகிறது. பங்காளிச் சண்டையில் தாத்தா காலத்து வீடு பாழாய்ப் போனதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. தன் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்று நினைப்பதை எப்படிக் குறை சொல்வது?

இந்தப் பத்திரத்தின் மிக நல்ல பயன் நம் பேச்சில் அதிகம் வருவதே இல்லை. கணவன் மனைவிக்கு எழுதிவைப்பதைச் சொல்கிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், இருந்தால் அவருடைய தாய் எல்லோருக்கும் சமபங்கு. மூன்று பிள்ளைகள் இருந்தால், நாற்பது வருடம் சமைத்துப் பெருக்கிக் குடும்பம் நடத்திய வீட்டில் மனைவிக்கு உள்ளது நான்கில் ஒரு பங்கு. மாமியார் இருந்தால் ஐந்தில் ஒன்று. வீட்டை விற்க வேண்டும் என்று ஒரு பிள்ளை பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் அந்த அம்மா கோர்ட்டுக்கு அலைய வேண்டியதுதான். கணவன் உயிரோடு இருக்கும்போதே மனைவி பெயருக்கு எழுதிவைத்தால், விதவையான மறுநாளே தன் வீட்டில் தானே ஒரு பங்குதாரராக ஆகிவிடும் நிலை அவருக்கு வராது. சுயசம்பாத்திய வீடுள்ள ஆண்கள் பிள்ளைகளைப் பற்றி யோசிக்கும் முன் இதை யோசிக்க வேண்டும். நடப்பில் வரிசை தலைகீழாக இருக்கிறது. வீடு மகனுக்குப் போகிறது, அம்மா மகனோடு போகிறார்.

இனி குறைகள். செட்டில்மெண்ட் என்றதும் நம் மனதில் வருவது பெற்றோரைத் துரத்திய மகன்தான். சினிமாவும் செய்தித்தாளும் அப்படிப் பழக்கிவிட்டன. அதனாலேயே "என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான்" என்ற ஒரு வார்த்தையில் விவாதம் முடிந்துவிடுகிறது. செய்ய மாட்டான் என்றே வைத்துக்கொள்வோம். நல்ல மகனும் சாகலாம். கொரோனா காலத்தில் எத்தனை வீடுகளில் பெற்றோர் இருக்கப் பிள்ளைகள் போனார்கள்! மகன் உயில் எழுதாமல் இறந்தால் அவன் சொத்து யாருக்கு? அவன் மனைவிக்கும், குழந்தைகளுக்கும், அம்மாவுக்கும் சமமாக. அப்பா இரண்டாம் வகுப்பு வாரிசு. முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை. அதாவது வீட்டைக் கட்டியவர், மகனுக்கு மனமுவந்து எழுதிக் கொடுத்தவர், மகன் போன பிறகு அந்த வீட்டில் எந்தப் பங்கும் இல்லாதவர். இதை அறிந்து கையெழுத்துப் போடும் தகப்பனார்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை.

மகளுக்கு எழுதினாலும் இதே போன்ற ஒரு பள்ளம் இருக்கிறது. பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து, அவள் குழந்தையில்லாமல் இறந்தால், அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் செட்டில்மெண்டில் வந்தது வாரிசுரிமையில் வந்தது ஆகாது. அது கணவனுக்குப் போகும். கணவனும் இல்லையென்றால் கணவனுடைய வாரிசுகளுக்கு. பெற்றோர் அதன் பிறகுதான்.

சாவு வேண்டாம், கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். "வீடு என் பேர்ல இருந்தா லோன் ஈஸியா கிடைக்கும்பா" என்று மகன் கேட்பதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. திருப்பூரில் ஒரு சிறு யூனிட், கோவையில் ஒரு லேத் பட்டறை, ஊரில் ஒரு மெடிக்கல் ஷாப் என்று எத்தனையோ தொழில்கள் அப்படித்தான் எழுந்தன. ஆனால் ஆர்டர் நின்று தவணை தவறினால், 2002ஆம் ஆண்டு சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் ஒட்டிவிட்டு வங்கி வீட்டைக் கைப்பற்றும் வேலையில் இறங்கலாம். தொழிலில் தோற்றது மகன். வாசலில் ஒட்டிய நோட்டீஸைப் படிப்பது எழுபது வயது அப்பா. அப்பா ஜாமீன் போட்டிருந்தால்கூட எவ்வளவுக்கு என்று தெரிந்து போட்டிருப்பார். எழுதிக் கொடுத்த பிறகு மகன் எவ்வளவு கடன் வாங்குகிறான் என்று சொல்லவேண்டிய கட்டாயமே இல்லை.

சரி, எழுதியதைத் திரும்ப வாங்க முடியாதா? 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி, நிபந்தனை இல்லாமல் கொடுத்த தானத்தை மனம் மாறியதற்காகத் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. கவனித்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு கொடுத்து, அவன் கவனிக்கவில்லை என்றால் பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்க 23ஆம் பிரிவு வழி செய்கிறது. தமிழ்நாட்டில் கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயம். ஆனால் அந்த நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இந்தச் சட்டத்தை முதியவர்கள் பக்கம் நின்று தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், அன்பினால் எழுதுகிறேன் என்பதிலேயே கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது, தனியாக எழுத வேண்டியதில்லை என்றது. அந்த வழக்கு நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவருடையது. மகனுக்கு எழுதிக் கொடுத்தார், மகன் இறந்துவிட்டான், அதன் பிறகு கவனிப்பார் இல்லை.

இந்தத் தீர்ப்புகளை நான் மனதார வரவேற்கிறேன். ஆனாலும் அவற்றை நம்பிப் பத்திரம் எழுதக் கூடாது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுப்பது என்பது பெற்ற பிள்ளை சோறு போடவில்லை என்று ஊரறியச் சொல்வது. பெரும்பாலான அம்மாக்கள் அதைச் செய்வதைவிடப் பட்டினி கிடப்பார்கள். மருமகள் வைதாலும் "பிள்ளைக்கு வேலை ஜாஸ்தி" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்கிறவர்கள், அதிகாரி முன்னால் வேறு மாதிரிப் பேசுவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் போகாத பராமரிப்புத் தொகைக்காக இருக்கிற உறவையும் முறித்துக்கொள்ள அவர்களுக்கு மனம் வராது.

எழுதும் நேரமும் ஒரு பெரிய கோளாறு. அப்பா இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லோரும் வந்திருப்பார்கள். துபாயிலிருந்து வந்த தம்பிக்கு இரண்டு நாளில் விமானம். "எல்லாரும் இருக்கும்போதே முடிச்சுடலாம்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அம்மா அழுது ஓய்ந்து மூலையில் உட்கார்ந்திருப்பார். அக்காவும் தங்கையும் "எங்களுக்கு எதுக்கு, செய்யவேண்டிய சீரெல்லாம் அப்பா செஞ்சுட்டாரு" என்பார்கள். அப்படிச் சொல்லாவிட்டால் நாளை பிறந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டொரு நாளில் சார்பதிவாளர் அலுவலக பெஞ்சில், டோக்கனுக்காக, அத்தனை பேரும் வரிசையாக. பத்திர எழுத்தர் மூச்சு விடாமல் வாசிப்பார். அம்மா கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பார். பெண்கள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுவார்கள். அம்மா தன் பங்கைப் பெரியவனுக்கு எழுதிவைப்பார்.

பெண்ணுக்கும் பிறப்பிலேயே பூர்வீகச் சொத்தில் பங்கு என்று 1989இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. இந்த ஒரு காலையில் அது மொத்தமும் கரைந்துபோகிறது. துக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் கையெழுத்து வாங்குவதை, அன்போடு வாங்கினாலும், நான் நியாயம் என்று ஒப்ப மாட்டேன். ஒரு வருஷம் ஆகட்டும் என்று சொல்ல எந்தச் சாஸ்திரமும் தடையில்லை. திதி கொடுத்த பிறகு பேசினால் என்ன குடி முழுகிவிடும்?

வழி இருக்கிறது, புதிதும் அல்ல. "என் ஜீவிய காலம் வரை நானும் என் மனைவியும் அனுபவித்து, எங்களுக்குப் பின் என் மகன் அடைய வேண்டியது" என்று எழுதும் செட்டில்மெண்டைப் பழைய பத்திர எழுத்தர்கள் நன்றாக அறிவார்கள். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையை வெளிப்படையாக எழுதினால், 23ஆம் பிரிவுக்கு வேறு நிரூபணம் தேட வேண்டாம். இதற்கு வரும் மறுப்பு, அப்படி எழுதினால் வங்கியில் லோன் கிடைக்காது என்பது. கிடைக்காமல் இருப்பதே நல்லது என்பேன். மகனின் தொழிலுக்குப் பெற்றோர் உதவ விரும்பினால், இழந்தாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையைக் கொடுக்கட்டும். தலைக்கு மேல் இருக்கும் கூரையை அல்ல. பென்ஷன் இல்லாதவர்களுக்கு வீட்டையே வருமானமாக்க, 60 வயது தாண்டியோருக்கான தலைகீழ் அடமானத் திட்டம் 2007-08 மத்திய பட்ஜெட்டில் வந்தது. பிள்ளைக்கு விட்டுப்போக வேண்டிய வீட்டைத் தின்பதா என்ற தயக்கத்தை அதனால் வெல்ல முடியவில்லை.

இந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அதை மாற்றச் சொல்லவில்லை. பெற்றோர் கொடுக்கட்டும், தாங்கள் போன பிறகு பிள்ளைகளுக்குச் சேரும்படி கொடுக்கட்டும். அதற்குப் பதிவுத்துறையும் கொஞ்சம் உதவலாம். பொதுமக்கள் தாங்களே எழுதிக்கொள்ளத் தமிழில் மாதிரி ஆவணங்களை அத்துறை தருகிறது. 60 வயது தாண்டியவர் எழுதும் செட்டில்மெண்டுக்கான மாதிரியில் ஜீவிய கால அனுபவ உரிமையும் பராமரிப்பு நிபந்தனையும் முதலிலேயே அச்சாகியிருக்க வேண்டும். வேண்டாம் என்கிறவர் அடித்துவிடட்டும். அடிக்கும்போது பிள்ளைகளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, ஏன் வேண்டாம் என்று சார்பதிவாளர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.