பற்றறுத்தவரா, மனம் சோர்ந்தவரா?

கோவைப் பக்கம் எழும்பும் மூத்தோர் குடியிருப்புகளின் விளம்பரங்களில் கோயிலும் பஜனைக் கூடமும் முன்வரிசைக்கு வந்துவிட்டன. ஆன்மிக நாட்டம் இருந்தால் முதுமையில் மனச்சோர்வு அண்டாது, ஆய்வே சொல்லிவிட்டது என்று உபன்யாச மேடை முதல் வாட்ஸ்அப் வரை ஒரே பேச்சு.

ஆய்வு இருப்பது உண்மை. உடல்நோயோடு மனச்சோர்வும் கொண்ட 87 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க மருத்துவர் ஹெரால்டு கோனிக், உள்ளூர இறைப்பற்று மிகுந்தவர்கள் சீக்கிரம் தேறியதாக 1998இல் எழுதினார். கோயிலுக்குப் போனால் நாலு பேரிடம் பேசலாம் என்பதும் சின்ன விஷயமில்லை. ஆனால் தேவாலயத்துக்குப் போவதற்கும் தனியே ஜெபிப்பதற்கும் தேறுவதோடு தொடர்பு தெரியவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. மேடையில் இதை யாரும் சொல்வதில்லை.

என் ஆட்சேபம் வேறு. நம் வீடுகளில் மனச்சோர்வின் அறிகுறிகளுக்கெல்லாம் பக்திப் பெயர் தயாராக இருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லையா, விரதம். மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறதா, பிரம்ம முகூர்த்தம். பேரன் கல்யாணப் பேச்சில்கூட நாட்டமில்லையா, பற்று விட்டுப்போச்சு. "எப்பதான் கூப்பிட்டுக்கப் போறானோ" என்று புலம்பினால் பக்குவம். மருத்துவர் தேடும் அடையாளங்களும் இவையேதான். முதியோர் மனச்சோர்வை அறியக் கேட்கப்படும் 15 கேள்விகளில், பழைய ஈடுபாடுகளை விட்டுவிட்டீர்களா, வெளியே போவதைவிட வீட்டில் இருப்பதே பிடிக்கிறதா என்பவையும் உண்டு. 'ஆமாம்' என்கிற பாட்டிக்கு அங்கே கேள்விக்கொரு மதிப்பெண் கூடும். வீட்டிலோ பாராட்டு கிடைக்கும்.

நிஜமாகவே பற்று விட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் ஓர் இலகு தெரியும். சோர்ந்தவரோ "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்" என்பார். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால்தான் இந்த வித்தியாசம் பிடிபடும்.

2017-18இல் களமிறங்கிய 'லாசி' எனும் அகில இந்திய முதுமை ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று கணித்தது. தங்களுக்கு அந்த நோய் கண்டறியப்பட்டதாகச் சொன்னவர்கள் 0.8 சதவீதமே. இந்தப் பத்து மடங்கு இடைவெளிக்கு மருத்துவர் பற்றாக்குறையும் வெட்கமும் காரணம்தான். ஜபமாலையோடு மூலையில் கிடக்கும் தாத்தாவுக்கு 'ஞானி' பட்டம் கொடுத்து ஒதுங்கும் குடும்பங்களுக்கும் அதில் பங்குண்டு. அவரால் யாருக்கும் தொந்தரவில்லை; பட்டம் அதற்குத்தான்.

யாரும் கோயிலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. 60 முதல் 70 வயதுக்காரர்களை அறநிலையத்துறை அறுபடை வீடுகளுக்கு இலவசமாகவே அழைத்துப் போகிறது. அந்தப் பேருந்திலேயே ஒரு செவிலியர் அந்த 15 கேள்விகளையும் கேட்டுவிடலாம். பழனிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே நேரம் நிறையவே இருக்கிறது. அப்படி யாரும் கேட்காதவரை, ஆன்மிகம் முதியோரின் மனச்சோர்வைத் தீர்க்கிறது என்பதைவிட, அதை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது என்பதே என் கட்சி.