தைக்காத இடத்தின் அழகு

வீட்டு எம்பிராய்டரி மெஷினில் போட்ட குவில்ட் போர்வை கைக்கு வந்தால், முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பேன். பூவேலைக்குப் பின்பக்கம் ஒரு பொருட்டில்லை. பாபினில் மெல்லிய வெள்ளை நூல் போதும். மேல்நூல் கொஞ்சம் கீழே இறங்கினாலும் குற்றமில்லை. போர்வைக்கோ இரண்டு முகம். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் பிடிக்கும் நூல்கள் பஞ்சுக்குள்ளேயே கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கான நூல் இறுக்கத்தைச் சரியாகக் கண்டவரின் கை பின்புறத்தில் தெரிந்துவிடும்.

மெஷின் தைத்தால் கலை ஏது என்ற கேள்வி பழையது. அமெரிக்காவின் படூகா நகரக் குவில்ட் கண்காட்சியில் 1989-இல் கேரல் பிரையர் ஃபாலர்ட்டின் 'கரோனா 2: சோலார் எக்லிப்ஸ்' தலைமைப் பரிசு பெற்றது. மெஷினில் குவில்ட் செய்த படைப்புக்கு அங்கே அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை. ஆனால் அதில் ஊசிக்கடியில் துணியை ஓட்டியவை அவர் கைகள். மறு ஆண்டே ஜனோமி நிறுவனத்தின் எம்பிராய்டரி மெஷினான 'மெமரி கிராஃப்ட் 8000' வீடுகளுக்கு வந்தது. இவ்வகை மெஷினில் ஊசி நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். துணியைப் பூட்டிய ஃபிரேம்தான் நகரும்.

அப்படியானால் கைக்கு என்ன வேலை? ஊசி இறங்குவதற்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும். பலரிடம் இருக்கும் ஃபிரேம் 5-க்கு 7 அங்குலம். கட்டில் அளவுப் போர்வைக்கு நூறு தடவைக்கு மேல் கழற்றிப் பூட்டவேண்டும். ஒவ்வொரு தடவையும் டிசைனின் காகித அச்சைத் துணிமேல் குத்தி, போன கோடு நின்ற புள்ளியிலேயே ஊசியை இறக்கவேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கொடி ஒடிந்ததுபோலத் தெரியும். போர்வையின் கனம் மேசையை விட்டுத் தொங்கி இழுத்தாலும் கோடு கோணும். எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று விரல் தடவியும் தெரியாத இணைப்பு எனக்கு மிகப் பெரிய வித்தை.

டிசைனைத் தேர்வதிலும் ரசனை வேண்டும். நெருக்கமாக நிரப்பும் பூவேலை டிசைனைப் போட்டால் போர்வை அட்டையாக விறைத்துவிடும். ஒற்றைக் கோடாக, இடம் விட்டு ஓடுவதே அழகு. கோடு அமுங்க, தைக்காத இடம் உப்புகிறது. அந்த மேட்டின் நிழல்தான் உருவத்தைக் காட்டுகிறது. துணியின் நிறத்திலேயே நூல் போட்டு, நிழலை மட்டும் நம்பும் துணிச்சல்காரர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். பருத்திப் பஞ்சு முதல் துவைப்பில் சற்றே சுருங்கும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே மேடு இன்னும் எழும்பும்.