பத்திரம் யார் பேரில்?

‘வெல்கம் டு ரெக்சம்’ தொடரை எனக்குச் சிபாரிசு செய்தவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். “கண்ணுல தண்ணி வந்துடும் சார்.” வந்தது, பொய் சொல்ல மாட்டேன். வேல்ஸில் ஒரு பழைய சுரங்க ஊர். 1864இல் தொடங்கிய கால்பந்து கிளப். 2008இல் ஐந்தாம் அடுக்குக்கு விழுந்து அங்கேயே கிடந்த அணி. அதை 2021 பிப்ரவரியில் ரயன் ரெனால்ட்ஸ், ராப் மெக்கெல்ஹென்னி என்று இரண்டு நடிகர்கள் வாங்குகிறார்கள். 2023, 2024, 2025 என்று வரிசையாக மூன்று வருஷம் அணி மேலே ஏறுகிறது. நம்ம ஊர் மசாலாப் படக்காரர்கூட இடைவேளைக்குப் பிறகு ஒரு தோல்வியாவது வைத்திருப்பார்.

என் தகராறு வேறு இடத்தில். ஒரு கிளப்பைக் காப்பாற்றிய கதை என்றுதான் இந்தத் தொடர் நம் மனசில் பதிகிறது. ஆனால் ரெக்சம் காப்பாற்றப்பட்டது இந்த இருவரும் வருவதற்குப் பத்து வருஷம் முன்னால்.

2000களில் அந்தக் கிளப்பை வைத்திருந்தவர்களின் கண் பந்தின் மேல் இல்லை, மைதானம் இருந்த மனையின் மேல் இருந்தது. 2004 டிசம்பரில் கிளப் திவால் நிர்வாகத்துக்குள் போனது. அதற்காகப் பத்துப் புள்ளிகள் வெட்டப்பட்ட முதல் லீக் கிளப் அதுதான். 2011இல் மறுபடி கழுத்துக்குக் கத்தி வந்தபோது ரசிகர்கள் ஒரே நாளில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கட்டினார்கள். ஒருவர் தன் வீட்டுப் பத்திரத்தையே கொண்டுவந்து நீட்டினார் என்று அப்போது செய்தி வந்தது. அதற்குப் பிறகு ரசிகர் அறக்கட்டளையே உரிமையாளர். 2020 நவம்பரில் நடிகர்களுக்குக் கிளப்பைக் கொடுக்கலாமா என்று வாக்கெடுத்தார்கள். ஆதரவு 1,809, எதிர்ப்பு 26.

தொடர் இதையெல்லாம் மறைக்கவில்லை. சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. எனக்கோ அந்த 26 பேரில் ஒருவரையாவது பத்து நிமிஷம் உட்காரவைத்துப் பேசவிட்டிருக்கலாம் என்று தோன்றியது. எதற்காக வேண்டாம் என்றார்கள்? பயமா, பிடிவாதமா, கணக்கா? கதை சொல்பவர்களே உரிமையாளர்களாக இருக்கும்போது அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கும். இன்னொன்று, ஸ்பான்ஸராக முதலில் டிக்டாக், பிறகு யுனைடெட் ஏர்லைன்ஸ் வந்தார்களே, எதைப் பார்த்து வந்தார்கள்? ஐந்தாம் அடுக்கு ஆட்டத்தைப் பார்த்தா? காமிராவைப் பார்த்து வந்தார்கள். தொடர் கிளப்பைப் பற்றியது என்பதைவிட, தொடர்தான் கிளப்பின் வருமானம் என்பது உண்மைக்குப் பக்கம். பக்கத்து ஊர்க் கிளப் இதைப் பார்த்து ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. அதற்கென்று இரண்டு ஹாலிவுட் நடிகர்களுக்கு எங்கே போவது?

காமிரா இல்லாத ஊர்களில் என்ன ஆகும் என்பதற்கு பரி கிளப் இருக்கிறது. 1885இல் தொடங்கியது, 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுண்டுக்குக் கை மாறியது, 2019 ஆகஸ்டில் லீகிலிருந்து வெளியேற்றப்பட்டது. அந்த வாரம் முன்னாள் இயக்குநரான ஒரு பெண்மணி மைதானத்துக்கு வந்து மழைநீர்க் குழாயோடு தன் கையை விலங்கிட்டுக்கொண்டார்.

இந்தக் காட்சியை நினைத்துக்கொண்டுதான் நம்ம சென்னை சிட்டியிடம் வருகிறேன். 1946இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய கிளப்பின் வாரிசு. 2017இல் ஐ-லீக்குக்குள் வந்தது. முதல் பருவம் சென்னையில் ஆடிவிட்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கோவைக்குக் குடிபெயர்ந்தது. 2019 மார்ச் 9 அன்று அங்கே மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்கால் அணியைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்து சாம்பியன் ஆனது. பெத்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. 26 என்பது சும்மா வந்த எண் இல்லை. நம்ம கம்பெனிச் சட்டத்தில் சிறப்புத் தீர்மானத்துக்கு முக்கால் பங்கு வாக்கு வேண்டும், கால் பங்குக்கு மேல் கையில் இருந்தால் தடுத்து நிறுத்தலாம். அடுத்த ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று. ‘சொந்த மைதான’ ஆட்டம் நடந்தது அகமதாபாத்தில். பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1. 2021-22 ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை.

மயிலாப்பூரில் நான் வழக்கமாகப் பேப்பர் படிக்கும் டீக்கடையில் இதைச் சொன்னேன். “சென்னையின் தானே? அபிஷேக் பச்சன் டீம்?” என்றார் பக்கத்தில் இருந்தவர். இல்லைங்க, அது வேற, என்றேன். அவர் மேல் தப்பில்லை. மைதானம் அரசாங்கத்துடையது, ஆட்டம் கோவையில், பங்குகள் தனியாரிடம். கிளப்பிடம் சொந்தமாக இருந்தது ஒரு பெயர், ஓர் உரிமம், சில ஒப்பந்தங்கள். விலங்கு போட்டுக்கொள்ள இங்கே ஆளும் இல்லை, குழாயும் இல்லை. பரி ரசிகர்கள் 2023இல் தங்கள் பழைய மைதானத்துக்குத் திரும்பி வந்தார்கள். சென்னை சிட்டியின் ரசிகன் எந்த வாசலுக்குத் திரும்புவான்?

சரி, அப்போ உறுப்பினர்களே சேர்ந்து நடத்தலாமே என்று சொல்லத் தோன்றும். இந்த வட்டாரத்துக்கு அது புதுசும் இல்லை. மயிலாப்பூரிலும் தி. நகரிலும் சபாக்கள் உறுப்பினர் சந்தாவில் தலைமுறை தலைமுறையாக ஓடுகின்றன. உறுப்பினர்களிடம் மட்டுமே வைப்பு வாங்கி உறுப்பினர்களுக்கு மட்டுமே கடன் கொடுக்கும் மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872இல் தொடங்கியது, ரெக்சமுக்கு எட்டே வருஷம் இளையது. ஆனால் அதே நிதியில் போட்ட பணம் திரும்பவில்லை என்று 2024இல் வைப்பாளர்கள் போலீஸுக்குப் போக வேண்டியிருந்தது. நிர்வாக இயக்குநர் கைதானார். பாதிக்கப்பட்டவர்களில் நிறையப் பேர் ஓய்வூதியப் பணத்தைப் போட்டவர்கள். பத்திரத்தில் நம் பெயர் இருந்தால் மட்டும் போதாது, கணக்கை யாராவது திறந்து பார்க்கவும் வேண்டும். கிளப்புகளின் கணக்கையும் வாங்க வருபவரின் யோக்கியதையையும் பார்க்க இங்கிலாந்து 2025இல் தனிச் சட்டமே போட்டுவிட்டது. ரெக்சம் அறக்கட்டளையும் கிளப்பை நேர்மையாகத்தான் நடத்தியது, ஆனால் பத்து வருஷமும் ஐந்தாம் அடுக்கிலேயே. அந்த 1,809 பேரை நான் குறை சொல்லத் தயாராக இல்லை.

நம்மிடம் இன்னொரு வழி இருந்தது. ஐ.சி.எஃப், இந்தியன் வங்கி, சுங்கத்துறை, வருமான வரி என்று ஆபீஸ் அணிகள். கோல் போட்டவனுக்கு வேலை, முட்டி போனாலும் பென்ஷன். அதில் உரிமையாளர் முகமே கிடையாது. ஐ.எஸ்.எல் வெளிச்சத்தில் அதை யாரும் கால்பந்து என்றே பேசுவதில்லை. அந்த வெளிச்சமும் 2025இல் மங்கியது: சம்மேளனத்தின் வர்த்தக ஒப்பந்தம் முடியப்போகிறது என்று ஜூலையில் பருவத்தையே நிறுத்திவைத்தார்கள்.

உரிமை பற்றி இந்த ஊரில் நான் பார்த்த நல்ல சண்டை எந்தக் கிளப்புக்காகவும் நடக்கவில்லை. 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி தன் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் விடத் தீர்மானம் போட்டது. ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய். பத்துப் பையன்கள் ஒரு மணி நேரம் ஆடினால் 1,200. எதிர்ப்பு கிளம்பியது, உடனே வாபஸ் வாங்கினார்கள். அந்த ஒன்பது மைதானங்களைப் பற்றி யாராவது ஒரு தொடர் எடுத்தால் முதல் ஆளாக நான் சந்தா கட்டுவேன்.