"பாதி சுரண்டவும்": எந்தப் பாதி?

எளிய மின்னோடி செய்யும் செய்முறைத் தாள் ஒன்று உங்கள் பள்ளியிலும் இருக்கும். ஒரு மின்கலம், இரண்டு ஊக்கு, ஒரு வட்டக் காந்தம், எனாமல் பூசிய செம்புக் கம்பி. அதில் எங்காவது இப்படி ஒரு வரி வரும்: ஒரு முனையை முழுதும் சுரண்டவும், மறுமுனையைப் பாதி சுரண்டவும். இந்த வரியோடுதான் எனக்குச் சண்டை.

அப்படி ஒரு தாளை மொழி பார்த்துத் தரும்படி என்னிடம் கொடுத்தார்கள். ஒற்றுப்பிழை இரண்டைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். மறுநாள் மூன்று குழுவில் ஒரு குழுவின் மின்னோடிகூட ஓடவில்லை. போய்ப் பார்த்தால், ஒரு குழு முனையின் நீளத்தில் பாதியைச் சுரண்டியிருந்தது. இன்னொரு குழு, "பாதின்னா லேசா சுரண்டுறதுன்னு நெனச்சோம் டீச்சர்" என்றது. மூன்றாவது குழு கம்பியின் ஒரு பக்கத்தை மட்டும்தான் சுரண்டியது, ஆனால் சுருளை மேசையில் படுக்கவைத்துச் சுரண்டியது. தமிழாக வாசித்தால் மூன்றுமே சரி. தப்பு தாளில்தான். அதில் எனக்கும் பங்கு உண்டு.

ஏன் பாதி என்று தெரிந்தால்தான் எந்தப் பாதி என்று எழுத முடியும். சுருள் நிமிர்ந்து நிற்கும்போது அதன் அடிப்பக்கத்தைக் காந்தப் புலம் ஒரு திசையில் தள்ளுகிறது, மேல்பக்கத்தை எதிர்த்திசையில் தள்ளுகிறது. சுருள் சுழலத் தொடங்கும். அரைச் சுற்று கழிந்ததும் மேலும் கீழும் இடம் மாறிவிடும். மின்னோட்டம் தொடர்ந்தால் அதே விசை சுருளைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் அந்த அரைச் சுற்றுக்கு மின்னோட்டத்தை நிறுத்துகிறோம். மீதியைச் சுருள் தன் வேகத்திலேயே கடந்துவிடும். படுக்கவைத்துச் சுரண்டினால், மின்னோட்டம் பாயும் நேரத்தில் பாதி முன்னுக்கும் பாதி பின்னுக்கும் தள்ளும். சுருள் நடுங்கிக்கொண்டு நிற்கும். (இரண்டு முனையையும் முழுதும் சுரண்டியது சில நேரம் ஓடிவிடும். சுருள் ஊக்கில் துள்ளித் துள்ளித் தொடர்பு அறுபடுவதால் வரும் அதிர்ஷ்டம் அது. அதை நம்பாதீர்கள்.)

தாளின் விளக்கப் பகுதி இன்னும் மோசம். காந்தம் கம்பியை ஈர்ப்பதால் சுருள் சுழல்கிறதாம்! செம்பைக் காந்தத்தின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், ஒட்டாது. 1821-இல் மைக்கேல் ஃபாரடே பாதரசத்தில் தோய்ந்த கம்பியில் மின்னோட்டம் செலுத்தி, அது காந்தத்தைச் சுற்றிவரக் காட்டினார். வெறும் ஈர்ப்பு என்றால் கம்பி காந்தத்தோடு போய் ஒட்டியிருக்கும், சுற்றியிருக்காது. தேர்வு எழுதும் மாணவர்களே, மின்னோட்டம் பாயும் கம்பிமீது காந்தப் புலத்தில் விசை உண்டாகிறது என்று எழுதுங்கள். எந்த மொழியில் எழுதினாலும் இதுதான் விடை.

"கவனமாகச் செய்யவும்" என்ற எச்சரிக்கையும் ஒன்றும் சொல்லவில்லை. சுழலாமல் நிற்கும் சுருளில் மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருந்தால் கம்பியும் மின்கலமும் சூடாகும், உடனே எடுத்துவிடு என்று எழுதலாமே.

நான் மாற்றி எழுதிய வரிகள் இவை, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்: "சுருளை நிமிர்த்திப் பிடி. ஒரு முனையைச் சுற்றிலும் சுரண்டு. மறுமுனையில் மேலே தெரியும் பக்கத்தை மட்டும், முனை முழு நீளத்துக்கும் சுரண்டு. அடிப்பக்க எனாமலைத் தொடாதே."

இதைக் கொடுத்த பிறகு இரண்டு குழுவின் மின்னோடி ஓடியது. மூன்றாவது குழுவின் மின்கலம் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது.