பத்து நிமிடப் படமும் விசிட்டிங் கார்டும்

மௌனி எழுதியவை ஏறக்குறைய 24 சிறுகதைகள். நாவல் பக்கம் அவர் போகவில்லை. அதற்காக அவரைப் பாதி வழியில் நின்றுவிட்டவர் என்று யாரும் சொல்வதில்லை. சிறுகதை தன்னளவில் முழுமையான வடிவம் என்பதைத் தமிழ் வாசகர் ‘மணிக்கொடி’ இதழின் காலத்திலேயே ஒப்புக்கொண்டாயிற்று. குறும்படம் எடுப்பவருக்கு மட்டும் இந்தக் கொடுப்பினை இன்னும் வாய்க்கவில்லை. திரையிடல் முடிந்து கைகொடுக்க வருகிறவர், “எப்ப சார் பெரிய படம் பண்ணப் போறீங்க?” என்கிறார். பாராட்டாகத்தான் கேட்கிறார். ஆனால் தமிழ்க் குறும்படம் பெற்ற பலமும் பட்ட காயமும் அந்த ஒரு கேள்விக்குள்ளேயே இருக்கின்றன.

முதலில் பலம். இயக்குநராக வேண்டுமென்றால் உதவி இயக்குநராகச் சேர வேண்டும், கிளாப் அடிக்க வேண்டும், கோடம்பாக்கத்து டீக்கடைகளில் வருடங்களைக் கரைக்க வேண்டும் என்பதே நெடுநாளைய வழக்கம். 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘நாளைய இயக்குனர்’ குறும்படப் போட்டி அந்த வரிசையை உடைத்தது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, ராம்குமார் என்று அந்த மேடையில் ஏறியவர்கள் சில வருடங்களிலேயே ‘பீட்சா’ (2012), ‘சூது கவ்வும்’ (2013), ‘முண்டாசுப்பட்டி’ (2014) என வந்து நின்றார்கள். பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ யூடியூபில் ஓடிய குறும்படம். 2012இல் அதே தலைப்பில் முழுப்படமாயிற்று. கதாநாயகனாக நிலைபெறுவதற்கு முன்பு விஜய் சேதுபதி கார்த்திக் சுப்புராஜின் குறும்படங்களில் நடித்துக்கொண்டிருந்தார். சிபாரிசுக் கடிதம் கேட்காத வாசல் ஒன்று திறந்தது. இதைக் குறைத்துச் சொல்பவர் அதற்கு முந்தைய காலத்தை மறந்துவிட்டவர்.

வாசல் திறந்தது சரி. ஆனால் வாசலிலேயே குடியிருக்க யாருக்கும் மனமில்லை. குறும்படம் விசிட்டிங் கார்டு ஆனதும், அதைப் பார்க்க வேண்டியவர் ரசிகர் இல்லை, தயாரிப்பாளர் என்றாகிவிட்டது. தயாரிப்பாளருக்கு நேரமில்லை. ஆகவே கடைசி முப்பது விநாடியில் ஒரு ட்விஸ்ட். இறந்தவர்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தார், எல்லாம் கனவு, கொலைகாரன் கதைசொல்லியே. ஒரு காலத்தில் பத்துப் படம் பார்த்தால் ஏழெட்டுப் படம் இப்படித்தான் முடிந்தது. முதல்முறை திடுக்கிடலாம். இரண்டாம் முறை பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? ‘முண்டாசுப்பட்டி’ குறும்படம் நீண்டு வளர்ந்தும் கெடாததற்குக் காரணம், அது ட்விஸ்டை நம்பாமல் ஓர் ஊரை நம்பியது. புகைப்படம் எடுத்தால் உயிர் போய்விடும் என்று பயப்படும் கிராமமும், அங்கே பிணத்தைப் படமெடுக்கப் போகும் போட்டோகிராபரும் இருந்தால் நீளம் தானாக வந்து சேரும்.

கருவியும் தன் பங்குக்கு ஓர் அழகியலைத் திணித்தது. 35 மி.மீ. ஃபிலிமில் 400 அடிச் சுருள் நாலரை நிமிடத்துக்குள் ஓடித் தீர்ந்துவிடும். தரமணி திரைப்படக் கல்லூரியில் டிப்ளமோ படம் எடுத்த மாணவர் ஒவ்வொரு அடியையும் எண்ணித்தான் செலவழித்திருப்பார். 2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்த பிறகு அந்தக் கணக்குப் போயிற்று. கல்யாண வீட்டில் போட்டோ எடுத்த கேமரா மறுநாள் சினிமா எடுத்தது. முகம் மட்டும் தெளிவாக, பின்னணி முழுக்க வெண்ணெயாய்க் கரைந்து நிற்கும் ஷாட்களைப் பார்த்து எல்லோரும் சொக்கிப்போனோம். அந்தக் கரைசலில் தெருவும் வீடும் சேர்ந்தே காணாமல் போனதைச் சிலரே கவனித்தார்கள்.

அந்தக் கேமராவின் பெரிய ஊனம் காது. ஹெட்ஃபோன் மாட்டக்கூட அதில் துளை கிடையாது. தனி ரெக்கார்டர் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ சத்தத்தைப் பிடிக்க வேண்டும். வாடகை வீட்டு ஹாலில் ஷூட்டிங் என்று வையுங்கள். மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஃபிரிட்ஜை நிறுத்த வேண்டும். நடிகரின் நெற்றியில் வியர்வை அரும்பும்; துடைத்தால் முந்தின ஷாட்டோடு கன்டினியூட்டி ஒட்டாது. டேக் நன்றாகப் போகிறது என்று நினைக்கும்போது பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும். சலித்துப்போய், “டப்பிங்ல பாத்துக்கலாம்” என்பார் இயக்குநர். பிறகு டப்பிங் தியேட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பேசிய குரல் படத்தில் ஏறும். நடிகர் மொட்டைமாடியின் கோடியில் நிற்பார். குரல் நம் தோளருகே நின்று பேசும். நடுவில் காற்று இருக்காது, ஊர் இருக்காது. தமிழ்க் குறும்படங்களின் பொய்த்தன்மை என்று நாம் உணர்வதில் பாதி கதையில் இல்லை, இந்தக் குரலில் இருக்கிறது.

இந்தப் பாடுகளுக்குள்தான் இன்பமும் இருக்கிறது. எல்லா ஷாட்டும் முடிந்ததும் சவுண்டு பார்க்கும் பையன் அரை நிமிடம் ரூம் டோன், அதாவது அறையின் வெறும் சத்தம், கேட்பான். யாரும் அசையக் கூடாது. லைட்டைப் பிடித்திருப்பவர், வீட்டுக்காரர், மீதமான பிரியாணியைக் கட்டிக்கொண்டிருக்கும் தயாரிப்பு நிர்வாகி, எல்லோரும் அப்படியே நிற்பார்கள். சம்பளம் வாங்காத பதினைந்து பேர் ஒரு வெற்று அறையின் மௌனத்துக்குக் கட்டுப்பட்டு நிற்பதைப் பெரிய படப்பிடிப்புகளில் நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

‘சம்பளம் வாங்காத’ என்று எழுதிவிட்டு அதைக் கடந்துபோவது நியாயமில்லை. கேமராவுக்கும் லென்ஸுக்கும் வாடகை உண்டு, எடிட்டிங் சூட்டுக்கு உண்டு, மனிதருக்கு மட்டும் ‘நட்புக்காக’. இயக்குநர் மேலேறிவிடுகிறார். அதே நட்புக்காக மூன்றாவது படத்துக்கும் ஒலி சேர்த்துக் கொடுத்தவர் ஐ.டி. வேலைக்குத் திரும்பிவிடுகிறார். இரவு ஷூட்டிங்குக்கு வண்டி ஏற்பாடுகூட இல்லாத இடத்தில் பெண்கள் ஏன் குறைவு என்று கேட்கவும் வேண்டுமா?

பணம் திரும்பும் வழியும் அடைபட்டது. விளம்பர வருமானத்தில் பங்கு பெற யூடியூப் 2018இல் வைத்த விதி: ஆயிரம் சந்தாதாரர்கள், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வை. பத்து நிமிடப் படத்தை 24,000 பேர் ஒரு நொடி விடாமல் பார்த்தால்தான் அந்த மணிக்கணக்கு எட்டும். ஒரே ஒரு படம் வைத்திருப்பவர் எங்கே போவார்? ஏற்கெனவே கூட்டம் சேர்த்துவைத்திருக்கும் ஒரு சேனலிடம் படத்தைக் கொடுக்கிறார். பார்வைகள் வருகின்றன; பணம் சேனலுக்கு, பின்னூட்டம் இவருக்கு.

ஆனாலும் இந்த ஏழ்மைதான் ஒரு சுதந்திரத்தைத் தருகிறது. சர்ஜூனின் ‘லக்ஷ்மி’ 2017இல் வந்து கிளப்பிய சண்டை நினைவிருக்கும். சமையல், மின்சார ரயில், அச்சகம், மறுபடி சமையல் என்று ஒரு பெண்ணின் நாட்களைத் திரும்பத் திரும்பக் காட்டியே சோர்வை நமக்கு ஏற்றியது அந்தப் படம். இரண்டரை மணி நேரத்தில் அந்த அடுக்கு நீர்த்துப்போயிருக்கும். பாரதி கவிதையைச் சாவியாக நீட்டிய இடம் எனக்கு ஒப்பவில்லை. அது சுலப வழி. ஊரே அவள் கணவனைத் தாண்டிப் போனது சரியா தவறா என்று அடித்துக்கொண்டதே தவிர, அந்தத் திரும்பல்களின் கணக்கைப் பேசியவர் அரிது. வடிவத்தைப் பேசும் விமர்சனம் நம்மிடம் சிறுகதைக்கு இருக்கிறது, குறும்படத்துக்கு இல்லை. அதனால்தான் கேரள சலச்சித்ர அகாதமி நடத்தும் ஆவண, குறும்பட விழாவுக்காக நம் பையன்கள் திருவனந்தபுரத்துக்கு ரயிலேறுகிறார்கள்.

கார்டு தேவைப்படாதவர் குறும்படம் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. ‘நாயகன்’ உள்ளிட்ட படங்களின் படத்தொகுப்பாளராகப் பேர்பெற்ற பிறகு பி. லெனின் எடுத்த ‘நாக் அவுட்’ தேசிய விருது பெற்றது. அடுத்து யாரிடமும் கதை சொல்லப் போக வேண்டிய நிலையில் அவர் இல்லை. 2020இலிருந்து ‘பாவக் கதைகள்’, ‘நவரசா’ என்று ஓ.டி.டி. நிறுவனங்கள் குறும்படத் தொகுப்புகளுக்குப் பணம் இறைத்தன. அரை மணி நேரக் கதைக்கு முதல் போட ஆள் உண்டு என்பது அப்போது தெரிந்தது. ஆனால் அந்தப் பட்டியல்களில் இருந்தவர்கள் வெற்றிமாறன், சுதா கொங்கரா, கௌதம் மேனன் போன்றவர்கள். குறும்படம் எடுக்கக் காசு வேண்டுமானால் முதலில் பெரிய படம் எடுத்திருக்க வேண்டும் என்றாகிவிட்டது.