எம்.பி.ஏ. கணக்கில் விழாத மேய்ச்சல் நிலம்

நொய்டாவில் அமிட்டி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆர்.ஐ.சி.எஸ். நடத்தும் பள்ளியில் ரியல் எஸ்டேட்டுக்கென்றே எம்.பி.ஏ. இருக்கிறது. இந்தப் படிப்பே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். 2016-இல் ரெரா சட்டம் வந்த பிறகு, புரோக்கர் காட்டுற இடத்தில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட முடியாது. கணக்கு தெரிந்தவர்கள் வேண்டும்தான்.

என் குறை மதிப்பீட்டுப் பாடத்தில். பக்கத்து மனை என்ன விலைக்குப் போச்சு, வாடகை எவ்வளவு வரும், கட்ட எவ்வளவு ஆகும்: எந்தப் பாடநூலும் சொல்லும் மூன்று வழிகள் இவை. கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய் கண்டிகையில் இதைப் போட்டுப் பாருங்க. அங்கே சிப்காட்டுக்குப் போன ஆயிரத்து நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பொது நிலத்தில் ஊர் மாடு மேய்ந்தது, விறகு கிடைத்தது. பெரும்பாலும் தலித் குடும்பங்கள், கையில் பட்டா இல்லை. விற்பனையே நடக்காத நிலத்துக்குப் பக்கத்து விலை ஏது? மாடு வாடகை தருமா? ஆக, தாளில் அது காலி இடம். ரோடு போட்டு, 99 வருடக் குத்தகைக்கு விட்டால்தான் 'மதிப்பு' பிறக்கிறது. மிஷெலின் டயர் ஆலை வந்தது. எதிர்ப்பு 2012-இல் பிரான்ஸ் வரை புகாராகப் போனது.

வேலை கிடைச்சுதே என்பார்கள். சரி, அதையும் எழுதுங்க. கூடவே, மேய்ச்சல் போன வீட்டில் தீவனத்துக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்றும் எழுதுங்க. இதற்கு எக்செல்கூட வேண்டாம், பால் சொசைட்டி நோட்டும் தவிட்டுக்கடை பில்லும் போதும். களப்பயணம் வருகிற மாணவர்கள் சிப்காட் கேட்டோடு திரும்பாமல் ஊருக்குள் போய் அதை வாங்கிப் பார்க்கட்டும்.