கைமணத்துக்கு அப்பால்

ஒரு பழைய உணவகத்தைப் 'பாரம்பரியம்' என்று அறிவிக்கும்போது எதைக் காக்கிறோம்? கட்டடத்தையா, பெயர்ப்பலகையையா, சமையல் குறிப்பையா? நட்டாலியா மோலினாவின் 'எ பிளேஸ் அட் த நயரித்' (2022) நூலை இந்தக் கேள்வியோடுதான் வாசித்தேன். மெக்சிகோவிலிருந்து குடியேறிய தன் பாட்டி தோன்யா நட்டாலியா பர்ராசா, லாஸ் ஏஞ்சலஸின் எக்கோ பார்க் பகுதியில் 1951இல் தொடங்கிய உணவகத்தின் கதையை வரலாற்றாசிரியரான மோலினா எழுதியிருக்கிறார். 'நயரித்' என்பது பாட்டியின் சொந்த மாநிலத்தின் பெயர்.

பாட்டியின் கைமணத்தைப் போற்றும் நூலாக இது எளிதில் முடிந்திருக்கலாம். நம் மொழியிலும் 'கைமணம்' பெண்ணுக்குத் தரப்படும் பாராட்டு. ஆனால் அவளுடைய கணக்கு வழக்கையும் ஆட்களை நிர்வகிக்கும் திறனையும் கால்கடுக்க நின்ற நேரத்தையும் அதே சொல் மறைத்துவிடுகிறது. மோலினா காட்டும் தோன்யா நட்டாலியா ஒரு முதலாளி. ஊரிலிருந்து வர விரும்பியவர்களுக்கு அவர் பொறுப்பேற்றார். வந்தவர்களுக்கு வேலையும் தங்க இடமும் கிடைக்கச் செய்தார். தனியாக வந்த பெண்களும் தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களும் அங்கே வேலை செய்தார்கள்.

அந்தக் காலத்தில் இது சிறிய காரியமல்ல. அருகிலிருந்த சாவேஸ் ரவீனில் வாழ்ந்த மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களைப் பொதுக் குடியிருப்புத் திட்டத்தின் பெயரால் வெளியேற்றும் வேலை 1950இல் தொடங்கியது. குடியிருப்பு வரவேயில்லை. எஞ்சியிருந்தவர்கள் 1959இல் பலவந்தமாக அகற்றப்பட்டார்கள். 1962இல் அங்கே பேஸ்பால் அரங்கம் திறக்கப்பட்டது. வீடு நிலைக்காத ஊரில், போய் உட்கார ஓர் இடம் இருப்பதே பெரிய பலம்.

சமையல் குறிப்பைக் காத்தால் போதாதா? சான் பெர்னார்டினோவில் லூசியா ரோட்ரிகஸ் 1937இல் தொடங்கிய மிட்லா கஃபேயின் டாக்கோவைப் பார்த்துத்தான், எதிரே கடை வைத்திருந்த கிளென் பெல் அதைச் செய்யக் கற்றுக்கொண்டார். 1962இல் அவர் தொடங்கிய டாக்கோ பெல்லை உலகம் அறியும். லூசியாவை எத்தனை பேர் அறிவார்கள்?

கட்டடமும் போதாது. நயரித் இருந்த கட்டடம் பின்னர் இசை நிகழ்ச்சிக் கூடமானது. சுவர் நின்றது, உணவகம் இல்லை.

சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் 2015இல் ஏற்ற திட்டம் இதைப் புரிந்துகொண்டது. 30 ஆண்டுகளுக்கு மேல் நடக்கும் கடைகளைப் பட்டியலிட்டு, அவற்றுக்கும், நீண்ட காலக் குத்தகை தரும் கட்டட உரிமையாளர்களுக்கும் அது நிதி தந்தது. பழைய கடைகளை மூடவைப்பதில் வாடகைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால் இது சரியான திசை.

ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. வேலையும் தங்குமிடமும் ஒரே கையிலிருந்து வரும்போது, கூலியை உயர்த்திக் கேட்க எந்தப் பெண்ணால் முடியும்? நன்றிக்கடனும் ஓர் அதிகாரம்தான். பெண் முதலாளி என்பதற்காக இந்தக் கேள்வியைத் தள்ளிவைப்பது பெண்ணியம் ஆகாது. பாத்திரம் கழுவியவர்கள், மேசை துடைத்தவர்கள் ஆகியோரின் நினைவுகளைத் தேடிப் பதிவுசெய்ததால்தான் மோலினாவின் நூல் எனக்கு முக்கியமாகிறது. பாரம்பரியப் பட்டியலில் கடையின் வயதை எழுதும்போது, இவர்களின் பெயர்களையும் எழுதவேண்டும்.